நாற்பது பக்க நோட்டு: குழந்தையின் பேச்சைக் குறித்து வைப்பது எப்படி?

மதுரையில் பதினாறு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என் அறைக்கு முதல் தடவை வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. புது இடம், புது ஆள். முந்தின மாதம்தான் இதே மாதிரி ஒரு மேசைக்குப் பக்கத்தில் ஊசி போட்டிருப்பார்கள். அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் அரை மணி நேரமும் அப்படியே போய்விடும். வேறு வழியில்லாமல் அம்மாவிடம் கேட்பேன். "எத்தனை வார்த்தை பேசுறான்?"

"ஒண்ணு ரெண்டுதான் மேடம்" என்பார் அம்மா. "அதெல்லாம் இல்ல, எல்லாம் பேசுவான்" என்பார் கூட வந்த அப்பத்தா. "இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." அந்த அப்பன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதை வைத்து நான் ஒன்றும் கணிக்க முடியாது. யாரும் பொய் சொல்லவில்லை. தினமும் கேட்டுப் பழகின பேச்சு காதில் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்போதெல்லாம் நேரம் கேட்டு போன் செய்யும்போதே சொல்லிவிடுகிறேன்: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பத்து நாள், பிள்ளை பேசுவதை எழுதுங்கள். வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நோட்டு எழுதிக்கொண்டு உட்காரக் கூடாத நேரம்

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும், அந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். 12 மாதம் ஆகியும் ‘பாபாபா’, ‘தாதாதா’ என்ற மழலை இல்லை, டாட்டா காட்டவில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் போங்கள். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் ‘அம்மா வா’ மாதிரி தானாகச் சேர்த்த இரண்டு சொல் இல்லை என்றாலும் அதேதான். நோட்டைப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டே போகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் காது. "டிவி விளம்பரத்துக்குத் திரும்புறானே, காது நல்லாக் கேக்குது" என்பார்கள். விளம்பரச் சத்தம் கேட்கும். ஆனால் ‘ச’, ‘த’ மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சளிக்குப் பிறகு காதுக்குள் நீர் கோத்து, வாரக்கணக்கில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஓஏஇ, தேவைப்பட்டால் பெரா, காது கேட்கும் திறனைப் பார்க்கும் இந்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டு வாருங்கள். வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. தேனோ, 1 வயது நிறையாத குழந்தைக்குத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. நாக்கு அடியில் ஒட்டியிருப்பதால் சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாமே தவிர, பிள்ளை பேசாமல் இருப்பதற்கு அது காரணமாவதில்லை.

என்ன எழுதுவது

பக்கத்தை நான்காக மடித்துக் கோடு போடுங்கள். எப்போது, எங்கே என்பது முதல் கட்டம். பிள்ளை சொன்னது இரண்டாவது. எதற்காகச் சொன்னான் என்பது மூன்றாவது. அதற்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நான்காவது. எல்லோரும் இரண்டாவது கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வருவார்கள். எனக்கு வேண்டியது மூன்றாவதும் நான்காவதும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் மகனிடம். அப்போது அவனுக்கு 1 வயது 10 மாதம். பள்ளி விடுமுறைக்கு மேலூர்ப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தோம். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தாத்தா! தாத்தா!" என்பான். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமனார் உடனே எழுந்து உள்ளே வருவார். "பேரன் கூப்பிடுறான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மூன்று நாள் நோட்டில் ‘தாத்தா’ என்றே எழுதினேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான்.

நான்காம் நாள் அவர் கடைக்குப் போயிருந்தார். பையன் வழக்கம்போல் "தாத்தா" என்றான். அப்போதுதான் அவன் விரலைப் பார்த்தேன். அது மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்காயைக் காட்டியது. சின்னப் பிள்ளைகளுக்கு நாக்கின் பின்பகுதியைத் தூக்கி ‘க’ சொல்வது கடினம், முன்நாக்கால் ‘த’ சொல்லிவிடுவார்கள். காக்கா தாத்தா ஆகிவிடும். மூன்றாவது கட்டத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மாமனாரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே, சொன்னதை உச்சரித்தபடியே எழுதுங்கள். ‘சூடு’ என்று சொல்ல நினைத்து ‘சூது’ என்றால் ‘சூது’ என்றே எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘சூடு’ என்று போடுங்கள். திருத்தி எழுதிக்கொண்டு வரும் நோட்டு எனக்குப் பயன்படாது. என்னிடம் இருக்கும் பழைய நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

‘காலை 7.20, அடுப்படி. மிக்ஸியைப் பார்த்து "டூ". காலைக் கட்டிக்கொண்டான். நான்: "சத்தமா இருக்கா?" அவன்: "டூ ணா." ’

‘ணா’ என்றால் வேணாம். ‘டூ’ மிக்ஸியின் சத்தம். இரண்டையும் சேர்த்து "மிக்ஸி வேணாம்" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது வெறும் சத்தம். எனக்கு இது அவனுடைய முதல் இரண்டு சொல் வாக்கியம்.

எதைச் சொல் என்று கணக்கு வைப்பது

"தெளிவாச் சொன்னாத்தானே மேடம் வார்த்தை?" இல்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தானாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னால் அது சொல். ‘மம்மு’, ‘உம்மாச்சி’, ‘டூ’, நாய்க்கு ‘பவ்பவ்’ எல்லாம் கணக்கில் சேரும். உங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் புரியாவிட்டாலும் சேரும்.

சார்லஸ் டார்வினும் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்தான். 1839-இல் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 1877-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தப் பையன் சாப்பாட்டுக்கு ‘மம்’ என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கிக்கொண்டானாம். நம் ஊர் மம்முவுக்கும் அதற்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். பிறகு சர்க்கரைக்கு ‘ஷு-மம்’ என்றானாம். கறுப்பு என்ற ஆங்கிலச் சொல்லைப் படித்துக்கொண்டதும் கறுப்பாக இருக்கும் அதிமதுர மிட்டாய்க்கு ‘கறுப்பு-ஷு-மம்’. இதைப் படிக்கிற எந்தப் பயிற்சியாளரும் அந்தப் பையன் சொற்களைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுவிட்டான் என்று சொல்லிவிடுவார். டார்வின் அன்றைக்கே எழுதி வைத்ததால்தான் இன்று நாம் சொல்ல முடிகிறது.

சொற்பட்டியலை உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள், வராது. வீட்டுக்குள் நடங்கள். அடுப்படியில் நின்று, இங்கே இருப்பதில் எதற்கெல்லாம் பேர் சொல்வான் என்று எழுதுங்கள். பிறகு குளியலறை, மொட்டை மாடி, தெரு, பூஜை அலமாரி, வண்டி. அடுத்து ஆட்கள். அடுத்து ‘தா’, ‘வா’, ‘போ’, ‘ஊது’ மாதிரி வினைகள். வினைகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதில் அவையும் உண்டு. நினைவிலிருந்து "ஒண்ணு ரெண்டு" என்ற ஓர் அம்மா, வீட்டைச் சுற்றி வந்தபின் 31 சொல் எழுதிக்கொண்டு வந்தார்.

எண்ணிக்கை எதற்கு? லெஸ்லி ரெஸ்கோர்லா என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-இல் பெற்றோரே டிக் அடிக்கும்படி ஒரு சொற்பட்டியலை வெளியிட்டார். 2 வயதில் 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் கவனிக்க வேண்டும் என்பது அதில் வந்த அளவு. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் கையில் வைத்திருக்கிறோம். அப்படித் தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களைப் பிடித்துவிடுவார்கள். அப்பத்தா சொல்வதிலும் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளை பிடிப்பான், எவன் பிடிக்கமாட்டான் என்று 2 வயதில் அப்பத்தாவாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம்.

எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். தானாகச் சொன்னதற்கு ‘தா’. நீங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னதற்கு ‘தி’. யூடியூப் ரைம்ஸ், ஏபிசிடி, கலர் பெயர், ஒன் டூ த்ரீ மாதிரி ஒப்பித்ததற்கு ‘ஒ’. இப்போது வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் எட்டு கலருக்கு ஆங்கிலத்தில் பேர் சொல்கிறார்கள், தாகம் எடுத்தால் தண்ணி கேட்கத் தெரியாமல் அழுகிறார்கள். நோட்டு முழுக்க ‘ஒ’ ஆக இருந்தால், பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நான் கவலைப்படுவேன்.

போனில் பதிவு செய்வது

பத்து நாளில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் 15 நிமிடம். வீடியோவாக இருந்தால் நல்லது, கை காட்டுவது தெரியும். டிவி, மிக்ஸி, மோட்டார் எதுவும் ஓடக் கூடாது. ஃபேனைக் குறைத்து வையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் பிள்ளை போனுக்குத்தான் வருவான். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், தயவுசெய்து.

அடுத்து இருப்பதுதான் கஷ்டமான பகுதி. பதிவு செய்யச் சொன்னால் எல்லோரும் பரீட்சை நடத்துகிறார்கள்.

"இது என்ன? சொல்லு. இது என்ன கலர்? ரெட். சொல்லு, ரெட்டு."

"வெட்."

"ஆனை எப்படிக் கத்தும்? மாமாவுக்கு ட்விங்கிள் ட்விங்கிள் சொல்லிக் காட்டு. நேத்துச் சொன்னியே!"

இதில் பேசியது முழுக்க அம்மா. பதில் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்விக்கு ஒரு சொல்தான் பதிலாக வரும், அதுவும் திருப்பிச் சொன்னதாக இருக்கும். அதே வீட்டில், அதே பிள்ளையிடம் சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு எடுத்த இன்னொரு பதிவைப் பாருங்கள். கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"சாம்பார் கொதிக்குது."

பிறகு அம்மா பேசவில்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தேன், எண்ணுகிறார், உதடு அசைவது தெரிகிறது. ஏழு, எட்டு. பிள்ளை சட்டியைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள்.

"சூது."

"ஆமா, சூடு." மறுபடி அமைதி.

"அம்மா ஊது."

2 வயது 4 மாதம். இரண்டு சொல் சேர்க்கவே மாட்டாள் என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளை. அந்த எட்டு நொடியை இதுவரை வீட்டில் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. 1975-இல் தொடங்கி, இப்போது கனடாவின் டொரன்டோவில் இருந்து பெற்றோருக்குப் பயிற்சி தரும் ஹானன் மையம் சொல்வதும் இதே வரிசைதான்: கவனி, காத்திரு, காது கொடு. நம் வீடுகளில் காத்திருப்பதுதான் வரமாட்டேன் என்கிறது. பேச்சு நின்றால் யாராவது அந்த இடைவெளியை நிரப்பிவிடுவோம், பெரும்பாலும் அத்தை.

பதிவிலிருந்து 50 வாக்கியம் எழுதிக் கொண்டு வந்தால் போதும், 100 இருந்தால் எனக்கு விருந்து.

சொல்லை எண்ணுவதா, துண்டை எண்ணுவதா

ராஜர் பிரவுன் என்ற ஹார்வர்டு உளவியலாளர் ஆடம், ஈவ், சாரா என்று புனைபெயர் வைத்து மூன்று பிள்ளைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, 1973-இல் ஒரு கணக்கைச் சொன்னார். வயதைவிட, ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை பொருள் துண்டுகள் இருக்கின்றன என்பது பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று நன்றாகக் காட்டும். சொற்களை எண்ணாமல் துண்டுகளை எண்ணச் சொன்னார். இது தமிழுக்கு ரொம்பவே பொருந்தும்.

"தாத்தாகிட்ட குடுத்தேன்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் இரண்டு சொல். ஆங்கிலத்தில் ‘அதை’ என்பதையும் சேர்த்துச் சொல்ல ஐந்து சொல் வேண்டும். ஆனால் நம் பிள்ளை சொன்னதில் தாத்தா, கிட்ட, குடு, இறந்தகாலம் காட்டும் ‘த்த்’, நான் என்பதைக் காட்டும் ‘ஏன்’ என்று ஐந்து துண்டு இருக்கிறது. இரண்டு சொல்தான் என்று நோட்டில் எழுதினால் பிள்ளைக்கு அநியாயம். ஆங்கில அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்து "மூன்று சொல் வாக்கியம் வரலையே" என்று பயப்படும் அம்மாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. விகுதியின் கீழே கோடு போடுங்கள், போதும். ‘கடைக்கு’ என்று மட்டும் சொல்லும் பிள்ளை அதை ஒரே சொல்லாக மனப்பாடம் செய்திருக்கலாம். அதே வாரத்தில் ‘கடைக்கு’, ‘வீட்டுக்கு’, ‘மாமாக்கு’ மூன்றும் வந்தால் ‘க்கு’ அவன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தப்பாகச் சொல்வதையும் விடாதீர்கள். என் மகன் கொஞ்ச நாள் "நா வாமாட்டேன்" என்றான். ‘வரமாட்டேன்’ என்று யாரிடமிருந்தாவது கேட்டுச் சொல்லியிருந்தால் அந்தத் தப்பு வராது. ‘வா’வையும் ‘மாட்டேன்’ஐயும் தானே எடுத்து ஒட்டியிருக்கிறான். எங்கள் தொழிலில் இந்த மாதிரி தப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுவோம்.

இப்படி ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை 9 மாதம் முதல் 33 மாதம் வரை பதிவு செய்து வைத்தவர்கள் ஆர். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும். நரசிம்மன் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கியவர். 1984-இல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய உலகக் குழந்தைப் பேச்சுக் களஞ்சியத்தில் அந்தத் தமிழ்ப் பதிவும் இருக்கிறது. கணினிக்காரருக்கு ஒரு கைக்குழந்தையிடம் என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. மொழி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒலித் தப்புகள், எதிரொலிகள், இரண்டு மொழிகள்

‘ழ’ வரவில்லை என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். மதுரையில் வீட்டில் எல்லோரும் ‘வாளப்பளம்’ என்று சொல்லிக்கொண்டு, பிள்ளை மட்டும் வாழைப்பழம் என்று சொல்ல வேண்டும் என்றால் எப்படி? வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அளவு. ‘ர’, ‘ற’வும் தாமதமாக வருபவைதான். பொதுவாக 3 வயதில் வெளி ஆளுக்கு முக்கால்வாசிப் பேச்சாவது புரிய வேண்டும், 4 வயதில் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும். இதைச் சோதிக்க பால்காரர் போதும், பிள்ளை பேசும்போது அவர் புரியாமல் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தப்பாகச் சொல்லும் பிள்ளைக்குத் தப்பு தெரியுமா? குழந்தை மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோவும் ராஜர் பிரவுனும் 1960-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பையன் பிளாஸ்டிக் ‘ஃபிஷ்’ஷை ‘ஃபிஸ்’ என்றான். பெரியவரும் "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்று கோபப்பட்டான். "ஃபிஷ்ஷா?" என்றதும் "ஆமாம், ஃபிஸ்" என்றான். நான் மேலூரில் இதைச் செய்து பார்த்தேன். மதில் மேல் இருந்ததைக் காட்டி "அது தாத்தாவா?" என்றேன். மகன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "இல்ல, தாத்தா!" என்றான். காதுக்குத் தெரிகிறது, நாக்குதான் இன்னும் போய்ச் சேரவில்லை. இந்தச் சோதனையையும் ஒரு தடவை செய்து பதிலை எழுதி வையுங்கள். பெரியவர் தப்பாகச் சொன்னாலும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், மறுபடி காதைப் பார்க்கச் சொல்வேன்.

பசித்தால் "பசிக்குதா?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அம்மா கேட்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, அதுதான் சாப்பாடு வரவைக்கும் மந்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது நிறையத் தெரியும், மற்றவர்களிடமும் கொஞ்ச காலம் இருக்கும். முன்பெல்லாம் இதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவார்கள். பேச்சு ஆய்வாளர்களான பேரி பிரிசன்டும் ஜூடித் டூகனும் 1981-இல், இந்த எதிரொலியைப் பிள்ளைகள் பல காரியங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார்கள். அதனால் ‘தி’ என்று போட்டுவிட்டு, மூன்றாவது கட்டத்தில் அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்றும் எழுதுங்கள். பதிலுக்கு நீங்கள் "பசிக்குது அம்மா" என்று அவன் சொல்ல வேண்டிய வடிவத்தைச் சொல்லிச் சோறு போடுங்கள். பாடம் நடத்த வேண்டாம்.

பேச்சே இல்லாத பிள்ளைக்கும் நோட்டு உண்டு. கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் முன் நிறுத்துகிறானா, தூரத்தில் இருப்பதை விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இரண்டும் வேறு வேறு. முதலாவது ‘எடுத்துக் கொடு’. இரண்டாவது ‘நீயும் பாரேன்’. இரண்டாவது ஒரு நாளில் ஒரு தடவைகூட இல்லை என்றால், சொற்களைவிட அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் நிறைய. தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். "குழம்பிப் போயிருவான், ஒரே பாஷையில பேசுங்க" என்று யாரோ சொல்லி, பேரனிடம் பேசுவதையே நிறுத்திவிட்ட பாட்டியைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. எல்லா மொழிச் சொற்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து எண்ணுங்கள். பாட்டியைப் பேசவிடுங்கள்.

பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால்

5 வயதுக்கு மேல் சொற்பட்டியல் வேண்டாம். கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கு அதுதான் வசதி. வேறு எந்தக் குறையும் இல்லாத, துறுதுறுவென்று இருக்கும் 7 வயதுப் பிள்ளை இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்:

"பாட்டி வடை. காக்கா எடுத்துச்சு. அது வந்து மேல. பாடு சொன்னுச்சு. விழுந்துச்சு. அது எடுத்துட்டுப் போயிருச்சு."

நரி என்ற பேச்சே இல்லை. முதல் ‘அது’ காக்கா, இரண்டாவது ‘அது’ நரி, கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். "பாடுன்னு சொன்னுச்சு" என்பதில் வரும் ‘ன்னு’ இல்லை. ‘அதனால’, ‘வாயைத் திறந்ததும்’ மாதிரி ஒரு நிகழ்ச்சியை இன்னொன்றோடு கட்டும் கயிறு எதுவும் இல்லை. வகுப்பில் இந்தப் பிள்ளைக்குக் கவனமில்லை, சோம்பேறி என்று பேர். டொரத்தி பிஷப் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தலைமையில் 57 நிபுணர்கள் கூடி, 2017-இல் இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, சுருக்கமாக டிஎல்டி, என்ற பெயரை முடிவு செய்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோர்ட்னி நார்பரி குழு வெளியிட்ட ஆய்வில், வேறு நோய்க் காரணம் இல்லாமல் இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகள் 7.58 சதவீதம். 30 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், இதைப் பற்றி ஆசிரியர்களே கேள்விப்பட்டதில்லை. பதிவைக் கேட்டு, ஒவ்வொரு ‘அது’வுக்கும் பக்கத்தில் அது யார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத ‘அது’க்கள் எத்தனை என்று பார்த்தால் விஷயம் தெரியும்.

நோட்டை எங்கே கொண்டு போவது

அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருபவை, 18 வயது வரை கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் எழுதிக் கொடுப்பார்கள். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்சிஐயின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

போகும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள்: மொத்தச் சொல் எத்தனை, அதில் ‘தா’ எத்தனை, தானாகச் சேர்த்துச் சொன்னதில் நீளமான மூன்று வாக்கியம், வீட்டில் யாருக்குப் புரிகிறது யாருக்குப் புரியவில்லை. உள்ளே போனதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு பத்து நாள் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இந்த இரண்டு பத்து நாளையும் ஒப்பிடுங்கள்.

என் மகனின் நோட்டு இன்னும் இருக்கிறது. 3 வயது 1 மாதத்தில், மறுபடி மேலூரில் எழுதிய பதிவு ஒன்று:

‘மாலை 5.10, ஜன்னல். "காக்கா! காக்கா!" தெளிவாக. மாமனார் திண்ணையில் பேப்பரை இறக்கி ஒரு தடவை பார்த்தார். எழுந்து வரவில்லை.’